12 வோல்ட் பேட்டரியில் 50 வாட் எல்இடி: எக்ஸ்எல்6009 பூஸ்ட் போர்டின் நாள்பட்ட பயன்பாடு

மின்தடைக்கும் தள்ளுவண்டிக் கடைக்கும் விளக்கு கட்டுபவர்கள் அதிகம் கையிலெடுப்பது இந்த ஜோடியைத்தான்: 12 வோல்ட் 7 ஆம்ப்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி, 30 முதல் 36 வோல்ட் கேட்கும் 50 வாட் சிஓபி எல்இடி (ஒரே தகட்டில் பல எல்இடி சில்லுகள் சேர்ந்தது), இடையில் வோல்ட்டேஜை உயர்த்தும் விலை குறைந்த எக்ஸ்எல்6009 பூஸ்ட் போர்டு. வாங்கின கோலத்திலேயே மாட்டினால் இது நிலைக்காது. ஆனால் ஃபீட்பேக்கை (வெளியீட்டின் நிலையை ஐசிக்குச் சொல்லும் இணைப்பை) மாற்றி, டயோடையும் வெளியீட்டுக் கப்பாசிட்டரையும் மாற்றி, எல்இடியை 0.6 ஆம்பில் ஓட்டினால் தினமும் இரவில் எரிக்க நம்பகமான போர்டுதான்.

ஏன் 1.5 ஆம்ப் முழுசாகக் கொடுக்கக் கூடாது? 33 வோல்ட்டில் 1.5 ஆம்ப் என்றால் ஏறக்குறைய 50 வாட். செயல்திறன் 88 சதவீதம் என்று வைத்தாலும் பேட்டரியிலிருந்து 4.7 ஆம்ப் இழுக்க வேண்டும். இந்த ஐசிக்குள் இருக்கும் சுவிட்சின் வரம்போ 4 ஆம்ப். அதுவும் சராசரிக்கு அல்ல, உச்சத்துக்கு. 0.625 ஆம்பில் கணக்கு இப்படி வரும்: எல்இடி 30 வோல்ட்டை ஒட்டி நிற்கும், வெளியீடு சுமார் 31 வோல்ட், உள்ளீடு 1.85 ஆம்ப், காயிலில் உச்சம் 2.1 ஆம்ப். நிறைய இடம் மிச்சம். வெளிச்சம் முழு வாட்டில் கிடைப்பதில் பாதியை ஒட்டி இருக்கும், ஏனென்றால் குறைந்த மின்னோட்டத்தில் ஒவ்வொரு வாட்டுக்கும் எல்இடி தரும் வெளிச்சம் கூடும்.

இனி, பெரும்பாலான எல்இடிகள் சாவதற்கான காரணம். போர்டில் உள்ள பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வோல்ட்டேஜை நிர்ணயிக்கிறது. எல்இடிக்கு வேண்டியது நிலையான மின்னோட்டம். குளிர்ந்த நிலையில் பிரீசெட்டைத் திருகி 0.6 ஆம்பில் வைத்தால் அழகாக எரியும். சூடாக ஆக, எல்இடிக்குள் தொடரில் உள்ள 10 சந்திகளின் வோல்ட்டேஜும் ஒவ்வொரு டிகிரிக்கும் தலா 2 மில்லிவோல்ட்டுக்கு மேல் இறங்கும். 40 டிகிரி ஏறினால் மொத்தம் ஒரு வோல்ட்டை நெருங்கும். போர்டு தன் வோல்ட்டேஜை விடாப்பிடியாகப் பிடித்திருப்பதால் மின்னோட்டம் ஏறுகிறது, அதனால் சூடு ஏறுகிறது, மறுபடி மின்னோட்டம் ஏறுகிறது. அரை மணி நேரம் கழித்து அளந்து பார்க்காதவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பிரீசெட் தரும் இன்னொரு ஆபத்தும் உண்டு: தூசியும் ஈரமும் ஏறி அதன் நடுமுனை தொடர்பு விட்டால், ஃபீட்பேக் பூஜ்ஜியத்துக்கு விழும், போர்டு தன்னால் முடிந்த அளவுக்கு வோல்ட்டேஜை ஏற்றிவிடும்.

மாற்றம் செய்யும் முறை. எக்ஸ்எல்6009இன் ஃபீட்பேக் மின்னழுத்தம் 1.25 வோல்ட்; ஐந்து கால்களில் 5ஆவது கால் அது. பிரீசெட்டைக் கழற்றுங்கள். அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் சின்ன ரெசிஸ்டரையும் கட்டாயம் கழற்றுங்கள். 1 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக இணைத்து, எல்இடியின் மைனசுக்கும் போர்டின் கிரவுண்டுக்கும் நடுவில் போடுங்கள். ரெசிஸ்டரின் எல்இடி பக்க முனையிலிருந்து 1 கிலோஓம் வழியாக ஃபீட்பேக் காலுக்கு ஒரு குட்டைக் கம்பி. 1.25ஐ 2ஆல் வகுத்தால் 0.625 ஆம்ப். ரெசிஸ்டர்கள் இரண்டும் சேர்ந்து வீணாக்குவது 0.8 வாட்டுக்குள்தான். அந்தச் சின்ன ரெசிஸ்டரை விட்டுவிட்டால் அது 1 கிலோஓமுடன் சேர்ந்து மின்னழுத்தப் பிரிப்பானாகிவிடும். 330 ஓமாக இருந்தால் போர்டு 2.5 ஆம்ப் தள்ளப் பார்க்கும். மாற்றிய பிறகு எல்இடி செத்தது என்று வரும் போர்டுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இத்தோடு நிறுத்தக் கூடாது. எல்இடி கம்பி அறுந்தால் ஃபீட்பேக் பூஜ்ஜியம். வெளியீடு தாறுமாறாக ஏறி 35 வோல்ட் கப்பாசிட்டர் வெடிக்கும், 60 வோல்ட் சுவிட்ச் போகும். வெளியீட்டு பிளஸிலிருந்து ஃபீட்பேக் காலுக்கு ஒரு 36 வோல்ட் ஜெனர் டயோடு (அந்த வோல்ட்டைத் தாண்டினால் மின்சாரத்தை விடுவது) போடுங்கள், கேத்தோடு (கோடு போட்ட முனை) பிளஸ் பக்கம். வெளியீடு 37 வோல்ட்டை ஒட்டி நின்றுவிடும். கப்பாசிட்டரை 220 மைக்ரோஃபாரட் 63 வோல்ட், 105 டிகிரி வகைக்கு மாற்றுங்கள். டயோடு பெரும்பாலும் எஸ்எஸ்34, அதாவது 40 வோல்ட். அதை 60 வோல்ட் எஸ்எஸ்56 ஆக்குங்கள். உள்ளீட்டில் 3 ஆம்ப் ஃபியூஸ். வெளியீட்டில் ஷார்ட் ஆனால் பேட்டரியிலிருந்து காயில், டயோடு வழியாக நேரே மின்சாரம் பாயும். அதை ஐசியால் தடுக்க முடியாது.

இரும்புச் சட்டத்தில் கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போது எல்இடியின் மைனஸ் கிரவுண்டைவிட 1.25 வோல்ட் மேலே இருக்கிறது. பேட்டரி மைனஸ் சட்டத்தில் இருந்து, எல்இடி மைனஸும் எங்காவது சட்டத்தில் உரசினால், ரெசிஸ்டர் ஷார்ட் ஆகி மின்னோட்டக் கட்டுப்பாடே போய்விடும். எல்இடிக்குத் தனியாக இரண்டு கம்பி இழுங்கள்.

போர்டு கொதிக்கிறது, காயிலைத் தொட முடியவில்லை என்றால் ஐசியைச் சந்தேகியுங்கள். அசல் எக்ஸ்எல்6009 400 கிலோஹெர்ட்ஸில் ஓடும். வேறு பழைய ஐசியின் முதுகில் இந்தப் பெயரை அச்சடித்து விற்கும் போர்டுகள் சந்தையில் ஏராளம். அவை 50 கிலோஹெர்ட்ஸ் அருகில் ஓடுகின்றன. 33 மைக்ரோஹென்றி காயிலில் 400 கிலோஹெர்ட்ஸில் அலைவு, அதாவது மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம், அரை ஆம்பைச் சற்றுத் தாண்டும். 50இல் அது 4.5 ஆம்ப். காயிலின் காந்த உட்கரு பூரிதமாகி, காயில் வெறும் கம்பியாகிவிடும். அலைவரிசை அளக்கும் மல்டிமீட்டரோ சின்ன ஆஸிலோஸ்கோப்போ இருந்தால் சுவிட்ச் காலில் (3ஆவது கால்) வைத்து வாங்கிய அன்றே பார்த்துவிடலாம். போலியாக இருந்தால் திருத்த மெனக்கெடாதீர்கள், ஓரமாக வையுங்கள்.

மினுக்குவது அடுத்த பெரிய புகார். பத்தில் ஒன்பது தடவை குற்றம் உள்ளீட்டுப் பக்கம்தான். பூஸ்ட் கன்வெர்ட்டருக்கு உள்ளே வரும் வோல்ட்டேஜ் இறங்க இறங்க, அது இழுக்கும் ஆம்ப் கூடும். கூடினால் கம்பியில் இன்னும் இறங்கும். 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பி 3 மீட்டர் என்றால் போக வர 6 மீட்டர், சுமார் 0.15 ஓம். அது மட்டும் பெரிதல்ல. துருப்பிடித்த கிளிப், தளர்ந்த சுவிட்ச், ஃபியூஸ் ஹோல்டர் எல்லாம் சேர்ந்தால் பெரிது. பேட்டரி முனையில் மட்டும் அளந்து நிறுத்தாதீர்கள். விளக்கு எரியும்போதே போர்டின் உள்ளீட்டுக் காலிலும் மீட்டரை வையுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, புது முனைகள், போர்டின் வாசலில் 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கப்பாசிட்டர். நொடிக்கு ஒரு தடவை என்று சீராக மினுக்கினால் அது லோ-பேட்டரி கட்-ஆஃப் போர்டின் (பேட்டரி இறங்கினால் விளக்கைத் துண்டிக்கும் தனிப் போர்டு) வேலை: துண்டித்ததும் பேட்டரி நிமிர்கிறது, மறுபடி இணைக்கிறது. துண்டிக்கும் அளவுக்கும் மீண்டும் சேர்க்கும் அளவுக்கும் ஒரு வோல்ட்டாவது இடைவெளி விடுங்கள். அதற்காகக் கட்-ஆஃபையே எடுத்துவிட வேண்டாம். ஐசி 5 வோல்ட் வரை ஓடும், பேட்டரியைக் கொன்றுவிடும்.

வெளியீட்டில் பேட்டரி வோல்ட்டைவிடச் சற்றே குறைவாக மட்டும் வருகிறதா? சுவிட்சிங்கே நடக்கவில்லை. 2ஆவது கால் (ஐசியை ஓடவும் நிற்கவும் வைப்பது) கிரவுண்டில் ஒட்டியிருக்கிறதா, ஃபீட்பேக் 1.25க்கு மேலே இழுக்கப்படுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் ஐசி போய்விட்டது. ஃபியூஸ் போட்டதும் எரிந்தால், 3ஆவது காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஷார்ட் பாருங்கள். இது போன்ற போர்டைப் பழுது பார்த்தபின், எல்இடியை மாட்டாமல், வண்டி இண்டிகேட்டரின் 12 வோல்ட் 21 வாட் பல்பைப் பேட்டரிக்குத் தொடராகப் போட்டு உயிர் கொடுங்கள். பல்பு பிரகாசமாக நின்று எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது.

மின்னோட்டத்தை அளக்க எல்இடி கம்பியை ஓடும்போது பிரிக்காதீர்கள். பிரித்த நொடியில் கப்பாசிட்டர் 37 வோல்ட்டுக்கு ஏறும். திரும்ப மாட்டும்போது அத்தனையும் எல்இடிக்குள் கொட்டும். 2 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 1.25 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

நாள்பட முதலில் தளர்வது வெளியீட்டுக் கப்பாசிட்டர். இந்தச் சுமையில் அதன் வழியே ஓடும் அலை மின்னோட்டம் சுமார் 0.8 ஆம்ப், எல்இடிக்குப் போவதைவிட அதிகம். சூடு 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலிட்டிக் ஆயுள் பாதியாகும். அதனால் போர்டை எல்இடியின் ஹீட்சிங்க் முதுகில் ஒட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், 2.2 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் செராமிக் ஒன்றை வெளியீட்டுக் கப்பாசிட்டரின் காலோடு இணையாகச் சால்டர் செய்யுங்கள். தலை லேசாக உப்பினாலே மாற்றிவிடுங்கள்.

முழு 50 வாட் வேண்டுமென்றால் யூசி3843 ஐசியும் தனி மாஸ்ஃபெட்டும் (சுவிட்ச் வேலை பார்க்கும் டிரான்சிஸ்டர்) உள்ள பெரிய போர்டுக்குப் போங்கள். அது பழுதாகி ஐசி மாற்றும்போது மட்டும் எண்ணைச் சரிபாருங்கள். டிவி பழுதுகடைகளில் சுலபமாகக் கிடைக்கும் 3842 கால் வரிசையில் ஒன்றேதான், ஆனால் உயிர்பெற 16 வோல்ட் கேட்கும், 3843 8.4 வோல்ட்டில் எழுந்துவிடும். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் 12 வோல்ட்டில் போர்டு அசையவில்லை என்றால், ஐசியின் கடைசி எண்ணைப் படியுங்கள்.