டிவியில் சத்தம் வந்து படம் வரவில்லையா? "பேனல் போயிடுச்சு" என்றால் உடனே நம்பாதீர்கள்

அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது.

நான் ஓசூரில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளி போடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு 32 இன்ச் எல்.இ.டி. டிவி வாங்கிக் கொடுத்து மூன்று வருடம்தான் ஆகிறது. 14,000 ரூபாய். ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா போன் செய்தார். "சத்தம் வருது, ரிமோட்ல சேனல் மாறுது, படம் மட்டும் வரல." நான் வேலை அவசரத்தில், "யாராவது மெக்கானிக்கக் கூப்பிட்டுக் காட்டும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கலாம்.

வந்தவர் டிவியைக் கழற்றக்கூட இல்லை. போட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். "பேனல் போயிடுச்சும்மா. மாத்த 10,000 ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம். இத வேணும்னா நான் 1,000 ரூபாய்க்கு எடுத்துக்கறேன்" என்றிருக்கிறார். அந்த ஆயிரத்திலும் வந்து பார்த்த கூலி என்று 300 கழித்துக்கொண்டு 700 ரூபாய் கொடுத்திருக்கிறார். ஒரு தாளில் அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

புரட்டாசியில் ஊருக்குப் போனபோது, செட்டாப் பாக்ஸ் ஒயர் வாங்க அந்த மெக்கானிக்கின் கடைக்கே போனேன். அங்கே ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. சட்டத்தின் இடது மூலையில் பாதி சுரண்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். என் மகள் ஒட்டியது! விலை கேட்டேன். 6,500 என்றான் வேலை செய்யும் பையன். "இதுல என்னப்பா பழுது இருந்துச்சு?" என்றேன். "பேக்லைட் மட்டும் மாத்தினோம்க்கா, பேனல் நல்லாருக்கு" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, உண்மையைத்தான் சொன்னான். கடைக்காரரிடம் கேட்டதற்கு, "உங்கப்பா இஷ்டப்பட்டுத்தானே குடுத்தாரு, கையெழுத்து இருக்கே" என்று முடித்துவிட்டார்.

அப்புறம் ஓசூரில் டிவி சர்வீஸ் செய்யும் ஒரு அண்ணனிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. எல்.இ.டி. டிவியில் படத்தை உருவாக்குவது பேனல். அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுப்பது சின்னச் சின்ன எல்.இ.டி. பல்புகள் வரிசையாக இருக்கும் பட்டைகள். அதுதான் பேக்லைட். அந்தப் பல்புகள் ஒன்றோடொன்று தொடராக இணைந்திருப்பதால், ஒன்று எரிந்து போனாலும் பெரும்பாலும் வெளிச்சமே போய்விடும். படம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும், நமக்குத் தெரியாது. 32 இன்ச்சுக்குப் பட்டை மாற்ற, கூலியோடு சேர்த்து 1,800 ரூபாய் வாங்குவேன் என்றார்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். அறையை இருட்டாக்கி, டிவியை ஓடவிட்டு, டார்ச் வெளிச்சத்தைத் திரைக்கு மிக அருகில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பெரும்பாலும் பேக்லைட்தான். திரையில் விரிசல், கோடுகள், மை கொட்டியது போல் கறை இருந்தால்தான் பேனல் மேல் சந்தேகப்பட வேண்டும். பின்மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ராத்திரி மோட்டார் போடப் போவதற்கு அப்பா வைத்திருக்கும் டார்ச், அந்த டிவிக்கு நேர் எதிர்ச் சுவரில்தான் மாட்டியிருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பில்லைத் தேடி எடுத்து, 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். தமிழிலேயே பேசலாம். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். இவ்வளவு சின்னத் தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுத்தால் போதும். கடைக்காரர் கொடுத்த அந்த 700 ரூபாயை அம்மா செலவு செய்யாமல் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்.