வேலூர் வெயிலில் கான்கிரீட் தகைவு: எந்த சென்சாரை நம்பலாம்?

கான்கிரீட்டில் புதைத்த சென்சாரை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்க்க வழியில்லை. அது காட்டும் எண்ணை எப்படித் தகைவாக (ஓர் அலகுப் பரப்பில் விழும் உள்விசையாக) மாற்றப்போகிறோம் என்பதை வாங்கும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

கான்கிரீட் நீள்வதையும் சுருங்குவதையும் தன் மின்தடை மாற்றமாகக் காட்டும் மின்தடை ஸ்ட்ரெயின் கேஜ் விலை மலிவு. ஆனால் 120 ஓம் கேஜில் 100 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு (ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் என்றால் நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்) மாறும் தடை வெறும் 0.024 ஓம். பாலாற்றுப் பாலத் தூணிலிருந்து இறங்கும் நீளக் கேபிள் வெயிலில் காய்ந்தாலே அதைவிட அதிகம் மாறிவிடும். மூன்று கம்பி இணைப்பு அதைப் பெரும்பாலும் சரிக்கட்டும். ஈரம் புகுந்தால் அந்த இணைப்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒருநாள் சுமைச் சோதனைக்குச் சரி, அவ்வளவுதான்.

வருடக்கணக்கில் ரீடிங் எடுக்க என் ஓட்டு அதிர்கம்பி கேஜுக்கு. உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி ஒன்று அதிரும்; கான்கிரீட் அமுங்கினால் கம்பி தளர்ந்து அதிர்வெண் குறையும். அது தருவது அதிர்வெண். கேபிள் நீளம் அதைக் கெடுக்காது. அதிர்வெண்ணின் வர்க்கத்தை 1000 ஆல் வகுத்து, கேஜ் மாறிலியால் பெருக்க வேண்டும். இரண்டு ரீடிங்குகளுக்கு இடையிலான வித்தியாசமே மைக்ரோஸ்ட்ரெயின். மாறிலி 3.304 என்று வையுங்கள். 900 ஹெர்ட்ஸ் 880 ஆகக் குறைந்தால் சுமார் 118 மைக்ரோஸ்ட்ரெயின் அமுக்கம். எம்30 (30 மெகாபாஸ்கல் வலிமை) கான்கிரீட்டுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சூத்திரப்படி மீள்குணகம் (ஸ்ட்ரெயினைத் தகைவாக்கப் பெருக்கும் எண்) 27,386 மெகாபாஸ்கல், தகைவு 3.2 மெகாபாஸ்கல் என்று எழுதிவிடத் தோன்றும்.

அங்கேதான் நம்ம ஊர் வெயில் விளையாடுகிறது. இடையில் வெப்பம் 28 டிகிரியிலிருந்து 41க்கு ஏறியிருந்தால், கேஜுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி டிகிரிக்கு 12.2 மைக்ரோஸ்ட்ரெயின் நீளும். கான்கிரீட்? கருங்கல் ஜல்லிக்கு ஐஎஸ் 456 சொல்வது 7 முதல் 9.5. கையேட்டில் இருக்கும் 10ஐக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். 9 என்று வைத்தால் கம்பி கான்கிரீட்டைவிட டிகிரிக்கு 3.2 கூடுதலாக நீண்டு, சுமையில்லாமலே அமுக்கம் போலக் காட்டும்; 13 டிகிரிக்குத் திருத்தம் 42. மிச்சம் 76 மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது 2.1 மெகாபாஸ்கல்தான். சுமை மாதக்கணக்கில் நின்றால் தவழ்வால் (நிற்கும் சுமையில் கான்கிரீட் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போவதால்) கணக்கில் எடுக்க வேண்டிய மீள்குணகமும் குறையும். 28 நாளில் சுமை ஏற்றினால் 2.6 ஆல் வகுக்கச் சொல்கிறது அதே ஐஎஸ்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு எண்ணெய் நிரப்பிய தகைவு செல் உண்டு. அழுத்தத்தை நேராகவே காட்டும். ஆனால் கான்கிரீட் இறுகும் சூட்டில் செல் உப்பி, ஆறியதும் சுருங்கி இடைவெளி விழும். அப்புறம் செல்லோடு இணைந்த எண்ணெய்க் குழாயை நசுக்கி எண்ணெயைத் தள்ளி மறுபடி ஒட்ட வைக்க வேண்டும். இழுவிசையை அது காட்டாது. சுரங்கப் பூச்சுக்குப் பொருந்தும், பாலத் தூணுக்கு நான் எடுக்க மாட்டேன்.

அதிர்கம்பியோடு, சுமை படாத பெட்டியில் அதே கான்கிரீட்டில் இன்னொரு கேஜைப் புதையுங்கள். சுருக்கத்தையும் வெப்ப நீட்சியையும் அதை வைத்துக் கழிக்கலாம். முதல் ரீடிங்கை விடியற்காலையில் எடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு எடுத்த ஒரு தொடக்க ரீடிங்கை வைத்துக்கொண்டு நான் ஒரு கோடை முழுக்க அல்லாடியிருக்கிறேன்.