ஒரே சாமி, மூன்று பெயர்: சுப்பிரமணியனா, செந்திலா, முருகனா?

தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்து பத்து மாதம் ஆகிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை. அவள் மாமியார் வீட்டாருக்கு சுப்பிரமணியன். தங்கைக்கு செந்தில். என் அப்பாவுக்கு முருகன். மூவரும் கும்பிடுவது ஒரே சாமியைத்தான், அதனால் பக்தியைக் காட்டி யாரும் யாரையும் மடக்க முடியவில்லை. பெயரைத்தான் எடை போட வேண்டியிருக்கிறது.

சுப்பிரமணியன் காலமான தாத்தாவின் பெயர். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது பழைய வழக்கம். பெயரை வாங்கிக்கொள்பவன் என்பதால்தான் அவன் பெயரன், பேரன். ஆனால் புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அந்தப் பாட்டி. ஒருமுறை வங்கிக்குக் கூட்டிப்போனேன். கணவர் பெயர் என்னவென்று கேட்டதும் சுருக்குப்பையை அவிழ்த்து, நான்காக மடித்த குடும்ப அட்டை நகலை எடுத்து, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். அப்படிப்பட்டவர் பேரனை எப்படி சுப்பிரமணியா என்று கூப்பிடுவார்? ராசா என்பார், தம்பி என்பார். தாத்தா பெயர் நிலைக்க வேண்டுமென்று வைக்கிற பெயர், அந்த வீட்டிலேயே ஒலிக்காது.

மற்றவர்கள் மட்டும் முழுதாகவா சொல்லப்போகிறார்கள்? எட்டு எழுத்து. நாக்குக்கு நீளம் அதிகம். சுப்பு, சுப்பையா, சுப்பிரமணி, கடைசியில் வெறும் மணி. எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்து சுப்பிரமணியன் என்று பெயரிடப்பட்ட பாரதியே வீட்டில் சுப்பையாதான். மணி என்று ஆகிவிட்டால் இன்னொரு தொல்லை: தெருவில் நின்று மணி என்று கூப்பிட்டால் மணிகண்டனும் மணிமாறனும் மணிவண்ணனும் சேர்ந்து திரும்புவார்கள்.

காகிதத்தில் அதைவிட மோசம். பட்டாவில் சுப்பிரமணியன், பள்ளிச் சான்றிதழில் சுப்ரமணியன், வேறொன்றில் சுப்பிரமணியம். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஹெச் உண்டா, கடைசியில் எம்மா என்னா என்று ஒவ்வொரு குமாஸ்தாவும் தன் விருப்பப்படி முடிவு செய்வார். தாத்தா இறந்தபின் பத்திரம் மாற்றுவதற்கு, இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் பெரும்பாலும் ‘ம்’ போட்டு முடிப்பதால் அங்கே குழப்பம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். இங்கே இல்லை.

செந்திலைப் பற்றி எனக்குப் பெரிய குறை கிடையாது. திருச்செந்தூரின் பழைய பெயர். வெண்ணிற நுரைத்தலை அலைகள் மோதும் செந்தில் என்று புறநானூற்றின் 55-ஆம் பாட்டிலேயே இருக்கிறது. ஊர்ப்பெயரை ஆள்பெயராக்குவது நமக்குப் புதிதல்ல. பழனி, சிதம்பரம், அருணாசலம் எல்லாம் அப்படி வந்தவைதான். சுருக்கவும் முடியாது, எழுத்துப்பிழையும் வராது. ஒரே சிக்கல், என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயரோடு ஒரு உதையும் சேர்ந்து நினைவுக்கு வரும். எங்கள் வகுப்பில் இருந்த செந்திலை வாழைப்பழம் எங்கே என்று கேட்காத நாள் கிடையாது. உதைத்த கவுண்டமணியின் இயற்பெயர் சுப்பிரமணி என்பது பிறகுதான் தெரிந்தது. அதாவது திரையில் அத்தனை வருடம் அடித்துக்கொண்டவை ஒரே சாமியின் இரண்டு பெயர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது, ஆகவே தங்கை பயப்பட வேண்டியதில்லை.

நடுவில் மைத்துனர் கார்த்திக் என்று ஆரம்பித்தார். வகுப்புக்கு மூன்று கார்த்திக் இருந்த காலத்தில் படித்தவன் நான். அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டோம்.

ஜோசியர் கதை தனி. குழந்தை பிறந்தது கார்த்திகை நட்சத்திரத்தில், முருகனுக்கே உரிய நட்சத்திரம். ஆனால் பஞ்சாங்க அட்டவணைப்படி அதற்குரிய எழுத்துகள் அ, இ, உ, எ. ‘மு’ மகத்துக்குப் போய்விட்டது, ‘சு’ சதயத்துக்கு. முருகன் நட்சத்திரத்தில் பிறந்தவனுக்கு முருகன் என்று வைக்க அட்டவணை இடம் கொடுக்கவில்லை! ஆறுமுகம் என்று வைக்கலாம் என்றார் ஜோசியர். யாரும் பதில் சொல்லவில்லை.

முருகன் மேல் சொல்லப்படும் ஒரே குற்றம், ரொம்பச் சாதாரணம் என்பது. அதனால்தான் முருகேசன், முருகானந்தம், பாலமுருகன் என்று ஒட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். ‘அன்’ என்று மொட்டையாக முடிந்தால் மரியாதை இல்லை என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள் பிள்ளைக்குக் கந்தசாமி என்று வைத்தால், அவனையும் சாமி என்றல்லவா கூப்பிட வேண்டியிருக்கும் என்று தடுத்த ஊர்கள் இருந்தன. அங்கே கந்தசாமி கந்தன் ஆனான், முனுசாமி முனியன் ஆனான். அந்தக் கணக்கை இன்னும் தூக்கிச் சுமந்துகொண்டு, மொட்டைப் பெயர் வேண்டாம் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. முருகு என்றால் அழகு, இளமை, மணம். இதற்கு மேல் என்ன ஒட்டு வேண்டும்? நாலே எழுத்து; சான்றிதழில் உள்ளதும் வாசலில் கூப்பிடுவதும் ஒன்றாகவே இருக்கும்.

ஒரு நடைமுறைத் தொந்தரவு உண்டு, மறைக்கவில்லை. எங்கள் ஆச்சி உட்காரும்போது முருகா, எழும்போது முருகா, கொட்டாவி விட்டால் முருகா. பக்கத்து வீட்டில் முருகன் என்றொரு பையன் இருந்தான். முதல் வாரம் ஒவ்வொரு முறையும் என்ன ஆச்சி என்று ஓடி வந்தான். பிறகு நிஜமாகவே கூப்பிட்டாலும் வரவில்லை.

பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்தால் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். எங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஆச்சி முழங்காலைப் பிடித்தபடி முருகா என்று திண்ணையில் உட்கார்ந்தார். தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தது. தங்கை கவனிக்காததுபோல் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்த்தார்.