ஊடகச் செய்திகளை அளந்து தரும் சேவை: ஆறு மாத அனுபவம்

குத்தரிசி, மிளகாய்த்தூள், ஒடியல் மா ஆகியவற்றை விற்கும் எமது கூட்டுறவுச் சங்கம் சென்ற காலபோக அறுவடைக்குப் பின்னர் பரந்தனில் ஒரு விற்பனை நிலையத்தைத் திறந்தது. அதுபற்றிப் பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் அனுப்பிய செய்திகளால் விளைந்த பயன் என்ன என்று நிதி வழங்கியோர் கேட்டதனால், கொழும்பு நிறுவனம் ஒன்றின் ஊடக மதிப்பீட்டுச் சேவையை ஆறு மாதங்களுக்குப் பெற்றோம்.

செய்தி நறுக்குகளைத் திரட்டும் பணியில் குறை சொல்ல அதிகம் இல்லை. வீரகேசரி, தினக்குரல், உதயன் முதலிய நாளிதழ்களில் எம்மைப் பற்றி வந்தவை காலை ஒன்பது மணிக்குள் மின்னஞ்சலில் கிடைத்தன. அவற்றை ஆட்கள் கண்ணால் வாசித்தே எடுக்கிறார்கள். இணையத்தளச் செய்திகளை மட்டும் கணினியிடம் விட்டிருந்தார்கள். அது ‘சங்கம்’ என்ற சொல்லைத் தேடியதே தவிர, ‘சங்கத்தின்’, ‘சங்கத்திற்கு’ என்று வேற்றுமை ஏறி வந்த இடங்களையெல்லாம் தவறவிட்டது. தமிழில் ஒரு பெயர் எத்தனை உருவம் எடுக்கும் என்பதை அந்த மென்பொருளுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லைப் போலும்.

எனக்கு ஒவ்வாதது மாதாந்த அறிக்கையின் முதற்பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்த ரூபாத் தொகை. செய்தி பிடித்திருந்த இடத்தைக் கொலம் சென்ரிமீற்றரில் அளந்து, அந்த இடத்திற்குரிய விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, விளம்பரத்தைவிடச் செய்தியை மக்கள் கூடுதலாக நம்புவார்கள் என்ற நியாயத்தில் மீண்டும் மூன்றால் பெருக்கியிருந்தார்கள். இத்துறையில் அளவீடு செய்வோரின் சர்வதேச அமைப்பான அமெக் 2010 இல் பார்சலோனாவில் கூட்டிய மாநாட்டில் ஏற்கப்பட்ட ஏழு கோட்பாடுகளுள் ஒன்று, இந்த விளம்பரச் சமானம் மக்கள் தொடர்பின் பெறுமதி ஆகாது என்று நேராகவே கூறுகிறது. 2015 இலும் 2020 இலும் அக்கோட்பாடுகள் திருத்தப்பட்டபோதும் அந்த நிலைப்பாடு மாறவில்லை. அப்படியிருக்க, நெல்லுக்கான கொடுப்பனவு தாமதமானதற்காக எம்மைக் கண்டித்து வெளிவந்த அரைப்பக்கச் செய்தியும் எமக்குக் கிடைத்த பெறுமதியாகவே கூட்டப்பட்டிருந்தது. அந்த மாதத்தில் எமது மிக உயர்ந்த ‘வருமானம்’ அதுதான். நிதி வழங்கியோருக்கோ அறிக்கையில் மிகவும் பிடித்த பகுதி அந்தத் தொகை.

செய்தி எத்தனை பேரைச் சென்றடைந்தது என்ற கணக்கும் அப்படியே. முதற்பக்கத்திற்கு உயர்ந்த புள்ளியும் உட்பக்கத்திற்குத் தாழ்ந்த புள்ளியும் இட்டிருந்தார்கள். வன்னியில் பத்திரிகையை மரண அறிவித்தல் பக்கத்திலிருந்து விரிப்பவர்கள் எத்தனை பேர் என்பதும், வாசிகசாலையில் கிடக்கும் ஒரு பிரதியைப் பொழுது சாய்வதற்குள் எத்தனை கைகள் புரட்டுகின்றன என்பதும் விற்பனைப் பிரதிகளின் எண்ணிக்கையில் தெரிவதில்லை.

மூன்றாம் மாதத்திலிருந்து, புதிதாக வருபவர்களிடம் எம்மை எவ்வாறு அறிந்தார்கள் என்று கேட்டு ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுமாறு விற்பனை நிலையத்தில் நிற்கும் தங்கையிடம் சொன்னேன். பெரும்பாலானோர் அயலவர் சொல்லி வந்தவர்கள். பத்திரிகை பார்த்து வந்தவர்கள் சிலரே. ஆயினும் அந்தச் சிலருள் மாங்குளத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்த கடைக்காரர்கள் இருந்தார்கள், அவர்கள் கிலோக் கணக்கில் அன்றி மூட்டைக் கணக்கில் வாங்கினார்கள். கொழும்பிலிருந்து வந்த வண்ண அறிக்கைகள் ஆறிலும் இந்த விடயம் இல்லை. விற்பனை விபரங்களை நாம் கொடுத்தால் செய்திகளோடு ஒப்பிட்டுத் தர முடியும் என்று, நாம் கேட்ட பிறகுதான், நிறுவன அலுவலர் கூறினார். அதற்குக் கட்டணம் வேறு.

இப்போது நறுக்குச் சேவையை மட்டும் புதுப்பித்திருக்கிறோம், கட்டணமும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துள்ளது. சிறிய சங்கங்களுக்கு அந்தப் பகுதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ரூபாத் தொகையை நீக்குமாறு எழுத்தில் கேட்டிருந்தோம்; சென்ற வாரம் வந்த அறிக்கையில் அது முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்திற்கு இடம் மாறியிருந்தது.