கொமிண்டர்ன் பற்றிய ஒலிப்பாடத் தொகுப்பு: நான்காவது பாடத்துக்காகவே வாங்கலாம்

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே கம்யூனிஸ்ட் கட்சிகளின் அரசியலும் சோவியத் அரசின் வெளியுறவுக் கொள்கையும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்று சொல்லும் ஆங்கில ஒலிப்பாடத் தொகுப்பு இது. மொத்தம் 24 பாடங்கள், கூடவே ஒரு பிடிஎஃப் கையேடு. நான் தொழிற்சங்கத்தில் பல காலம் இருந்தவன். இளவயதில் கட்சி வகுப்புகளில் கொமிண்டர்ன் எனப்படும் கம்யூனிஸ்ட் அகிலத்தின், அதாவது பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் உலக அமைப்பின், ஏழாவது மாநாட்டைப் பற்றி மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன். ஆறாவது மாநாட்டை மட்டும் எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். அங்கே என்னதான் நடந்தது என்று முழுதாகத் தெரிந்துகொள்ளத்தான் இதை வாங்கினேன்.

பாடம் நடத்தும் பேராசிரியை கையாளும் முறை எளிமையானது. மாஸ்கோவில் இரண்டு அலுவலகங்கள். ஒன்று, சிச்சேரினும் பிறகு லித்வினோவும் நடத்திய வெளியுறவு ஆணையகம். மற்ற அரசுகளோடு ஒப்பந்தம் போடுவது அதன் வேலை. இன்னொன்று, 1919 மார்ச்சில் தொடங்கிய கம்யூனிஸ்ட் அகிலம். அதே அரசுகளைக் கவிழ்ப்பது அதன் வேலை. இந்த இரண்டின் நாட்குறிப்பையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டே போகிறார். வேறு வித்தை எதுவும் இல்லை. ஆனால் அதுவே போதுமானதாக இருக்கிறது.

நான்காவது பாடம் முழுக்க ஒரே நாளைப் பற்றியது: 1921 மார்ச் 16. அன்றைக்கு லண்டனில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. அதில் ஒரு நிபந்தனை, ஆசியாவில், குறிப்பாக இந்தியாவிலும் ஆப்கானிஸ்தானிலும், பிரிட்டிஷ் நலன்களுக்கு எதிராக சோவியத் தரப்பு பிரச்சாரம் செய்யக் கூடாது. தாஷ்கண்டில் எம்.என். ராய் இந்தியப் புரட்சியாளர்களுக்காக நடத்திய ராணுவப் பள்ளி அதே ஆண்டு மூடப்பட்டது. அதே மார்ச் 16 அன்று மாஸ்கோவில் முஸ்தபா கெமாலின் துருக்கியோடு நட்பு ஒப்பந்தம். துருக்கிக் கம்யூனிஸ்ட் தலைவர் முஸ்தபா சுப்ஹியும் அவருடைய தோழர்களும் கருங்கடலில் கொல்லப்பட்டு அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சோவியத் அரசை எதிர்த்துக் கடற்படையினர் கிளர்ந்தெழுந்த குரோன்ஸ்தாத் கோட்டை மீதான கடைசித் தாக்குதலும் அதே சமயத்தில்தான். பேராசிரியை இதையெல்லாம் குரலை உயர்த்தாமல், குற்றப்பத்திரிகை வாசிக்கும் தொனி இல்லாமல் சொல்கிறார். பசி, உள்நாட்டுப் போர், போலந்தில் தோல்வி, இதற்கு நடுவே அந்த அரசுக்கு வேறு என்ன வழி இருந்தது என்றும் கேட்கிறார். இந்தப் பாடத்தை நான் திரும்பவும் போட்டுக் கேட்டேன்.

1923 பற்றிய பாடமும் நன்று. ஜெர்மனியோடு உறவைச் சீராக்கிக்கொண்ட ரப்பல்லோ ஒப்பந்தம் போட்டு ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. அதற்குள் அங்கே அக்டோபர் புரட்சி நடத்த அகிலம் திட்டம் போடுகிறது. கெம்னிட்ஸில் தொழிலாளர் பிரதிநிதிகள் பொதுவேலைநிறுத்தத்துக்குத் தயாராக இல்லை என்று தெரிந்ததும் ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் பிராண்ட்லர் எழுச்சியைக் கைவிட, ஹாம்பர்கில் மட்டும் சண்டை நடந்துவிடுகிறது. சாக்சனியில் இடதுசாரி அரசை அகற்றப் போனது ஜெர்மன் ராணுவம். சில ஆண்டுகளில் அதே ராணுவத்தின் விமானிகள் ரஷ்யாவின் லிபெட்ஸ்கில் ரகசியமாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, எனக்கு வேண்டிய ஆறாவது மாநாட்டுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குத் தகராறு. 1928-இல் எடுத்த முடிவு, சமூக ஜனநாயகவாதிகளை 'சமூக பாசிஸ்டுகள்' என்று எதிரி வரிசையில் நிறுத்தியது, அதன் விளைவு எல்லாம் தெளிவாக இருக்கிறது. 1932 நவம்பர் ஜெர்மன் தேர்தலில் நாஜிகள் 33.1 சதவீதம், சமூக ஜனநாயகக் கட்சி 20.4, கம்யூனிஸ்டுகள் 16.9. பின்னவை இரண்டையும் கூட்டிப் பார்த்தால் நாஜிகளைவிட அதிகம். இதை அவர் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். ஆனால் இதற்கெல்லாம் காரணம் மாஸ்கோவின் கட்டளை ஒன்றுதான் என்று முடித்துவிடுகிறார். 1929 மே தினத்தில் சமூக ஜனநாயகவாதி ஒருவர் தலைமை தாங்கிய பெர்லின் போலீஸ் 30-க்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தன் தெருவில் பிணம் விழுந்ததைப் பார்த்த தொழிலாளிக்கு 'சமூக பாசிசம்' என்ற சொல் மாஸ்கோவிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லையே. அந்தக் கொள்கை தவறு என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் கிடையாது. ஆனால் அது ஏன் கீழே வரை எடுபட்டது என்று சொல்லாமல் விட்டால் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியின் லட்சக்கணக்கான உறுப்பினர்கள் வெறும் பொம்மைகள் ஆகிவிடுகிறார்கள்.

பாசிசத்துக்கு எதிராக மற்றக் கட்சிகளோடும் கைகோத்த மக்கள் முன்னணிக் காலத்தில் அவர் மறுபடி நல்ல நிலைக்கு வந்துவிடுகிறார். 1935 மே மாதம் பிரான்ஸோடு ஒப்பந்தம்; அதே மாதம் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் லவால் மாஸ்கோ வந்தபோது பிரான்ஸின் பாதுகாப்புக் கொள்கையை ஸ்டாலின் முழுதாக ஆமோதிப்பதாக அறிக்கை. அதுவரை ராணுவச் செலவை எதிர்த்து முழங்கிய பிரெஞ்சுக் கட்சி ஒரே இரவில் என்ன செய்யும்? அந்தத் தர்மசங்கடத்தை விளக்கும் இடம் அருமை. மக்கள் முன்னணியை அறிவித்த ஏழாவது மாநாடு கூடியது அதற்குப் பிறகு, ஜூலையில்தான். எங்கள் வகுப்பில் இந்த வரிசையை யாரும் சொல்லித்தரவில்லை.

ஆசியாவுக்கு இரண்டே பாடங்கள். சியாங் கை-ஷெக் கம்யூனிஸ்டுகளைக் கொன்று குவித்த 1927 ஏப்ரல் ஷாங்காய் படுகொலை ஒன்றில் வருகிறது. இன்னொன்றில் இந்தியா, இந்தோனேசியா எல்லாவற்றையும் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ் அரசு இந்தியத் தொழிற்சங்கத் தலைவர்கள் மேல் போட்ட மீரட் சதி வழக்கு ஒரு நிமிடத்தில் ஓடிவிடுகிறது. 1925 கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சிங்காரவேலர் பெயரே இல்லை. எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் வலித்தது. சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாய 1937-இல் சோவியத் மண்ணிலேயே சுட்டுக் கொல்லப்பட்டது மட்டும் ஸ்டாலினின் களையெடுப்பு பற்றிய பாடத்தில் வந்துவிடுகிறது.

பேச்சு நிதானமான ஆங்கிலம், வேகத்தைக் கொஞ்சம் கூட்டியும் கேட்கலாம். திரையில் ஓடும் தானியங்கி எழுத்துகள் ரஷ்யப் பெயர்களைக் கண்டபடி சிதைக்கின்றன. அவற்றை நம்பிக் குறிப்பெடுக்க வேண்டாம். கையேட்டில் காலவரிசைப் பட்டியல் இரண்டு பத்தியாக இருக்கிறது, ஒரு பக்கம் வெளியுறவு ஆணையகம், மறுபக்கம் அகிலம். அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இலவச மாதிரியாகக் கேட்கக் கொடுத்திருப்பது ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ப் பாடம். தொகுப்பிலேயே மெலிந்த பாடம் அது, எங்கும் கிடைக்கும் செய்திகள்தான். அதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள்; தனிப் பாடமாக வாங்கும் வசதியும் உண்டு, நான்காவதை வாங்கிப் பாருங்கள்.