ஹவானாத் தெருவில் கோஹிபா பெட்டி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய ஹவானாவின் ஒரு மாடி வீட்டில் வைத்து, 'கோஹிபா எஸ்ப்ளெண்டிடோஸ், 25 சுருட்டு, 80 டாலர்' என்று விற்கப்பட்ட பெட்டி ஒன்றை முழுதாகப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்ததை இங்கே எழுதுகிறோம். கோஹிபா கியூபாவின் விலையுயர்ந்த சுருட்டு பிராண்டு, எஸ்ப்ளெண்டிடோஸ் அதில் ஓர் அளவின் பெயர். வாங்கியவர் ஏமாளி இல்லை. முத்திரையைப் பார்த்தார், பார்கோடைப் பார்த்தார், ஹோலோகிராமைச் சாய்த்துப் பார்த்தார். எல்லாம் இருந்தது. உள்ளே கோஹிபா மட்டும் இல்லை. முத்திரையைத்தான் போலிக்காரர்கள் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். அதனால் முத்திரையை வைத்து முடிவெடுக்கிறவர்தான் முதலில் மாட்டுகிறார்.

விலையிலிருந்தே தொடங்கலாம். 2022-ல் கோஹிபா, இன்னொரு கியூப பிராண்டான டிரினிடாட் இரண்டின் விலையையும், கியூபச் சுருட்டுகளை உலகெங்கும் விற்கும் ஹபானோஸ் நிறுவனம் உலகம் முழுக்க ஒரே மட்டத்துக்கு உயர்த்திவிட்டது. கியூபாவுக்கே போய் வாங்கினால் பாதி விலை என்ற பேச்சு அதோடு முடிந்தது. அந்த 80 டாலருக்கு அதிகாரபூர்வக் கடையில் ஓர் எஸ்ப்ளெண்டிடோஸ் கிடைத்தாலே பெரிது. 25 கிடைக்க வழியே இல்லை. திருட்டுச் சரக்கு என்பதால் மலிவு என்று சொல்வார்கள். உண்மையான கோஹிபா பெட்டியைத் திருடியவன் அதன் விலை தெரியாமலா இருப்பான்?

சொல்லும் கதையும் பெரும்பாலும் ஒன்றுதான். "இன்றைக்கு மட்டும் தொழிலாளர் கூட்டுறவுக்கு விற்பனை அனுமதி", "இது சுருட்டுத் திருவிழா வாரம்", "என் மாமா ஆலையில் வேலை செய்கிறார், மாதாமாதம் பெட்டி கொடுப்பார்கள்." கூட்டுறவு நாள் என்று ஒன்று கிடையாது. ஆலைத் தொழிலாளர்களுக்குப் புகைக்கச் சில சுருட்டு கிடைப்பது உண்மைதான். முத்திரையிட்ட கோஹிபா பெட்டி யாருக்கும் கிடைப்பதில்லை. ஹவானாவின் கேபிட்டோலியோ நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய பர்தகாஸ் ஆலைக் கட்டடத்தைக் காட்டி "அங்கேதான் மாமா வேலை செய்கிறார்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். அந்தக் கட்டடத்திலிருந்து உற்பத்தி வேறு இடத்துக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது.

இனி பெட்டி. கண்ணாடி மூடியோ, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் மூடியோ இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம். கோஹிபா அப்படி ஒரு பெட்டியை வெளியிட்டதே இல்லை. நாம் பார்த்த பெட்டி மரமூடிதான், வார்னிஷ் பூசியது, பார்வைக்குக் குறையில்லை. முன்பக்கம் இடதுபுறம் பச்சை வெள்ளை உத்தரவாத முத்திரை, வலது மேல்மூலையில் சாய்வாக 'ஹபானோஸ்' ஒட்டுத்தாள். 2010-க்குப் பிறகு வந்த முத்திரையில் ஹோலோகிராமும் பார்கோடும் உண்டு. அந்த எண்ணை ஹபானோஸ் நிறுவனத்தின் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். எண் செல்லாது என்று வந்தால் பெட்டி போலி என்று தைரியமாகச் சொல்லலாம். செல்லும் என்று வந்தால் அது எதையும் நிரூபிக்காது. எங்கோ ஓர் உண்மையான பெட்டியில் இருந்த எண்ணை எடுத்து நூற்றுக்கணக்கில் அச்சடித்திருக்கலாம். விற்பவரிடம் இன்னொரு பெட்டியைக் கேட்டு வாங்கி இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வீட்டில் காட்டிய பெட்டிகளில் ரோபுஸ்தோஸ் (கோஹிபாவின் இன்னோர் அளவு) என்று எழுதியதிலும் எஸ்ப்ளெண்டிடோஸ் என்று எழுதியதிலும் ஒரே எண். வாங்கியவர் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே அது கண்ணில் பட்டது.

பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். 'ஹபானோஸ் எஸ்.ஏ.', 'ஹெச்சோ என் கூபா', 'டோட்டால்மென்டே ஆ மானோ' என்ற வாசகங்கள் சூட்டுமுத்திரையாக மரத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். நகத்தால் வருடினால் பள்ளம் தட்டும். இந்தப் பெட்டியில் வழவழவென்று இருந்தது, அதாவது வெறும் அச்சு. அதன் பக்கத்தில் மையால் குத்திய ஆலைக் குறியீடும், மாதமும் ஆண்டும் இருக்கும். மாதம் ஸ்பானிய மொழிச் சுருக்கத்தில் வரும்: ஜனவரிக்கு எனெ, ஏப்ரலுக்கு அப்ர், ஆகஸ்ட்டுக்கு அகோ, டிசம்பருக்கு டிக். ஆண்டுக்கு இரண்டு இலக்கம். இந்தக் குறியீடே இல்லாத பெட்டியைத் தொடவே வேண்டாம்.

மூடியைத் திறந்ததும் நிறத்தைப் பார்க்க வேண்டும். ஆலையில் இதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்து சுருட்டுகளை நிறவாரியாகப் பிரிப்பார்கள். ஒரே பெட்டிக்குள் கிட்டத்தட்ட ஒரே நிறம், அதிலும் இடமிருந்து வலமாகக் கருமை மெல்லக் குறையும்படி அடுக்கு. சுருட்டைச் சுற்றிய காகிதப் பட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில், முகம் மேலே பார்த்தபடி. நாம் பார்த்ததில் கறுத்ததும் வெளுத்ததும் கலந்து கிடந்தன. பட்டைகள் ஏறியும் இறங்கியும் இருந்தன. 2014-க்குப் பிறகான கோஹிபா பட்டையில் ஹோலோகிராம் உண்டு, தங்க ஓரம் விரலுக்கு மேடாகத் தட்டும். கறுப்புக்கு மேலே வரும் வெள்ளைச் சதுரங்கள் வரிசை குலையாமல் முழுதாக இருக்கும். போலியில் ஓரத்துச் சதுரம் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது.

அளவு இன்னும் சுலபம். எஸ்ப்ளெண்டிடோஸ் 178 மில்லிமீட்டர் நீளம், 47 ரிங். ஓர் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்குதான் ஒரு ரிங். எனவே 47 ரிங் என்றால் 18.6 மில்லிமீட்டர் விட்டம். ரோபுஸ்தோஸ் 124 மில்லிமீட்டர், 50 ரிங். சிக்லோ 6 என்றால் 150 மில்லிமீட்டர், 52 ரிங். கைவேலை என்பதால் மயிரிழை வித்தியாசம் வரும். ஒரே பெட்டிக்குள் நாலைந்து மில்லிமீட்டர் கூடக்குறைய வராது. பயணப் பையில் ஒரு சின்ன ஸ்கேல் போதும்.

அடுத்தது தலை. உறையூர்ச் சுருட்டு பிடித்துப் பழகியவர்கள் இதைக் கவனிக்காமல் விடுவார்கள், ஏனென்றால் அதில் இரண்டு முனையும் வெட்டியிருக்கும். ஹவானாச் சுருட்டில் ஒரு முனை தொப்பி போட்டு மூடியது. மேலுறை இலையின் துண்டுகளைச் சுற்றிச் சுற்றி ஒட்டுவதால், உற்றுப் பார்த்தால் தலையைச் சுற்றி இரண்டு மூன்று மெல்லிய வளையக் கோடு தெரியும். போலியில் நாணயம் போல ஒரு வட்டத் துண்டை வெட்டி மேலே அப்பியிருந்தார்கள். கத்தரி பட்டதும் அந்த வட்டம் கழன்றது, கூடவே மேலுறையும் பிரிய ஆரம்பித்தது.

கடைசியில் ஒரு சுருட்டைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்தோம். சந்தேகம் வந்த பெட்டியில் ஒன்றைப் பலி கொடுப்பதுதான் நல்லது. உண்மையான கோஹிபாவில் மேலுறை, உள்ளிலைகளைச் சேர்த்துக் கட்டும் கட்டு இலை, அதற்குள் நீள இலை. உள்ளிலைகள் தலையிலிருந்து அடிவரை மடிப்பு மடிப்பாக ஓடும். அந்த மடிப்புகளின் இடுக்கில்தான் காற்று போகிறது. எரிய உதவும் வோலாடோ, மணத்துக்கு செக்கோ, காரத்துக்கு லிஹேரோ என்று இலைகளுக்கு வேலைப் பங்கீடு உண்டு. கோஹிபாவுக்குப் போகும் செக்கோவும் லிஹேரோவும் பீப்பாயில் மூன்றாம் முறையும் புளிக்கவைக்கப்படுகின்றன. இந்தப் போலியைப் பிளந்ததும் மேசையில் தூளாகக் கொட்டியது: பொடித்த இலை, விரல்நீளக் காம்பு, தடித்த நரம்புத் துண்டுகள். இலையே இல்லை என்று சொல்ல முடியாது, ஆலைக்குப் பயன்படாத கழிவெல்லாம் இருந்தது.

பற்றவைத்தாலும் இதேதான். காம்பு குறுக்கே விழுந்த இடத்தில் இழுப்பு அடைபடும். பக்கத்திலேயே வெற்றிடம் இருப்பதால் நெருப்பு நடுவில் சுரங்கம் போல உள்ளே போகும், மேலுறை எரியாமல் நிற்கும். நீள இலைச் சுருட்டில் சாம்பல் இரண்டு சென்டிமீட்டர் வரைக்கும் உறுதியாக நிற்கும். இதில் செதில் செதிலாகச் சட்டையில் விழுந்தது. முதல் இழுப்பிலேயே மூக்கைக் குத்தும் அமோனியா நெடி வந்தால் இலை சரியாகப் புளிக்கவில்லை என்று அர்த்தம். அதைக் 'காரமான சுருட்டு' என்று நினைத்து மல்லுக்கட்ட வேண்டாம். வைத்துவிடுங்கள்.

மதிப்புரை எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கே வாங்கியது, பெட்டியின் ஆலைக் குறியீடு, மாதம், ஆண்டு, எத்தனை வாரம் பிடிக்காமல் ஓய்வில் வைத்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். தெருவில் வாங்கிய தூள் சுருட்டைப் பிடித்துவிட்டு 'கோஹிபா வெறும் பேர்தான், தொண்டை எரிகிறது' என்று மதிப்பெண் போடுவது மற்றவர்களையும் திசை திருப்புகிறது. அந்த மதிப்பெண் எந்தச் சுருட்டைப் பற்றியது என்றே யாருக்கும் தெரியாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெட்டியை உங்கள் மற்ற சுருட்டுகளோடு வைக்காதீர்கள். அதிகாரபூர்வச் சரக்கை ஏற்றுமதிக்கு முன் உறையவைப்பார்கள். தெருச் சரக்கில் அந்த வேலையே நடக்காது. புகையிலை வண்டின் முட்டை இலைக்குள் இருந்தால் நம்மூர் வெப்பத்தில் தானாகப் பொரியும், மேலுறையில் குண்டூசி குத்தியது போல ஓட்டை விழும். ஒன்றிலிருந்து மொத்த ஹியூமிடாருக்கும் (சுருட்டை ஈரப்பதத்தில் வைக்கும் பெட்டி) பரவ அதிக நாள் ஆகாது. வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், காற்று புகாத இரட்டைப் பையில் போட்டு ஒரு நாள் குளிர்பெட்டியில், அடுத்த மூன்று நாள் மைனஸ் 18 டிகிரியில் அல்லது அதற்கும் கீழே, மறுபடி ஒரு நாள் குளிர்பெட்டியில், பிறகு வெளியே. நேராக உறைபெட்டியிலிருந்து மேசைக்கு எடுத்தால் மேலுறை வெடிக்கும்.

கியூபாவில் வாங்க நம்பகமான இடம் லா காசா டெல் ஹபானோ கடைகளும், பெரிய ஹோட்டல்களுக்குள் இருக்கும் சுருட்டுக் கடைகளும். ரசீது கேட்டு வாங்குங்கள். கையில் பணம் குறைவு என்றால் ஹோசே எல். பியெத்ரா, கின்டேரோ போன்றவை இருக்கின்றன. குட்டை இலைச் சுருட்டு என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்கிறார்கள், கொடுத்த காசுக்கு நேர்மையான புகை. கியூபாவில் புகையிலை விளையும் வினியாலெஸ் பக்கம் விவசாயிகள் பட்டை இல்லாமல் சுற்றித் தரும் சுருட்டும் நல்லதே. அதற்கு யாரும் கோஹிபா பட்டை மாட்டாதவரை அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஊர் திரும்பும்போது கியூபச் சுங்கத்தில் உதிரியாக 20 சுருட்டு வரை காகிதம் கேட்பதில்லை. ஹோலோகிராம் ஒட்டிய, பிரிக்காத பெட்டிகளாக இருந்தால் 50 வரை. அதற்கு மேல் போனால் கடை ரசீது வேண்டும், இல்லையேல் பறிமுதல். இந்தியாவுக்குள் வரியில்லாமல் வருவது 25 சுருட்டு. இங்கேயே வாட்ஸ்அப்பில் 'ஹவானாவிலிருந்து நேரடி' என்று விற்பவர்களிடம் வாங்குவோர் பெட்டியின் வெளிப்புறத்தைப் பாருங்கள்: 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படமும், இறக்குமதியாளர் பெயரும், அதிகபட்ச விலையும் இல்லாத பெட்டி கள்ளவழியில் வந்தது. உள்ளே இருப்பது போலி என்று பின்னால் தெரிந்தாலும் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்கள் கையில் எந்த ஆதாரமும் இருக்காது.