சனிக்கிழமை இரசாயனவியல் செய்முறை வகுப்பு: ஒரு தாயின் மதிப்பீடு

உயர்தர விஞ்ஞானப் பிரிவில் கற்கும் என் மகனை, யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலுள்ள தனியார் கல்வி நிலையம் ஒன்றின் சனிக்கிழமைச் செய்முறை வகுப்பில் கடந்த தவணை சேர்த்திருந்தேன். அமைப்புக் கட்டுரை வினாக்களில் புள்ளி கூடும் என்பதே அவர்களது விளம்பரம். வகுப்பின் உண்மையான பயன் வேறிடத்தில் இருப்பதை அவர்களே அறியவில்லைப் போலும்.

மூன்றாம் வாரம், நீரின் வன்மையை, அதாவது அதிற் கரைந்துள்ள கல்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவை, அளவிடுவதற்காக அவரவர் வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுவரச் சொன்னார்கள். பி.எச். மாறாமல் காக்கும் தாங்கற் கரைசலால் அப்பெறுமானத்தை 10 அளவில் வைத்து, எரியோகுரோம் பிளாக் ரி என்ற நிறங்காட்டியை இட்டதும் நீர் வைன் சிவப்பாகிறது, அளவி எனும் அளவுகோடிட்ட குழாயிலிருந்து, அந்தக் கல்சியம், மக்னீசியத்தைப் பிணைக்கும் ஈ.டி.ரி.ஏ. கரைசல் துளித்துளியாக விழ, அச்சிவப்பு ஊதாவாக மங்கி, முடிவில் ஒரே துளியில் நீலமாகிவிடுகிறது. முதலிரு தடவையும் அந்தத் துளியைத் தவறவிட்ட என் மகனுக்கு மூன்றாம் தடவையே கை பழகியதாம். அன்று மாலை அவன் எங்கள் கேத்தலின் அடியில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைக் கரண்டியால் சுரண்டி, தேசிப்புளி விட்டு, அது நுரைத்ததைக் காட்டி, "இது எங்கட கிணத்துச் சுண்ணாம்புக் கல்தான், அம்மா" என்றான். வற்றாத ஆறில்லாத, சுண்ணக்கற் பாறைக்குள் தேங்கும் நீரையே நம்பியிருக்கும் குடாநாட்டுப் பிள்ளைக்கு இதைவிட நெருங்கிய பாடம் கிடைக்காது.

கற்பித்தல் முழுவதும் நல்ல தமிழில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண்ணில் இதுவொன்றும் புதுமையன்று, ஆயினும் கேட்க மகிழ்ச்சியாக இருந்தது.

குறைகளும் உண்டு. ஓர் அளவிக்கு நால்வர் என்பதால் பின்னால் நிற்பவர் குறிப்பெழுதுவதோடு சரி. அதைவிடப் பெரிய குறை, மற்ற வாரங்களில் வரவேண்டிய வாசிப்பை முன்கூட்டியே பலகையில் எழுதிவிடுவது. பிள்ளைகள் தாம் கண்ட எண்ணை விட்டுவிட்டு, அதற்கு ஒத்த எண்ணைக் கொப்பியில் எழுதுகிறார்கள். கிணற்று நீருக்கு அப்படி ஒரு விடையை எவராலும் எழுதிவைக்க முடியவில்லை. அந்த ஒரு வாரம் மட்டும் அவர்கள் உண்மையில் அளந்தார்கள்.

கொதிக்க வைத்தாலும் நீங்காத நைத்திரேற்றும் எங்கள் தோட்டக் கிணறுகளில் சேர்வதால், அதற்கான பரிசோதனையையும் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன். அளவிக்கு இருவர் என்று ஆக்கினால், அடுத்த தவணை கூடுதல் கட்டணம் செலுத்தவும் எனக்குச் சம்மதமே.